மலையேறும் உளுவை



மலைநாட்டின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஏக்கர்க் கணக்கையும் இறாத்தற் கணக்கையும் குறைவின்றி எழுதிவைத்திருக்கின்றனர். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்டது 1867ஆம் ஆண்டு. கோப்பிச் செடிகளைக் கொன்ற இலைநோய் முதன்முதல் கண்ணிற்பட்டது 1869ஆம் ஆண்டு. இவையெல்லாம் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். மீன்களுக்குக்கூட அந்த ஏடுகளில் இடமுண்டு. 1882ஆம் ஆண்டில் பழுப்பு நிற டிரவுட் மீனின் முட்டைகள் கடல் கடந்து கொண்டுவரப்பெற்று நுவரெலியாப் பகுதியின் ஓடைகளுக்கு அந்த மீன் அறிமுகப்படுத்தப்பட்டது. அந்நூற்றாண்டு முடியுந் தறுவாயில் வானவில் டிரவுட் எனப்படும் மற்றோர் இனமும் வந்து சேர்ந்தது. அவற்றைப் பொரிக்கச் செய்வதற்கு ஒரு நிலையம், பிடிப்பதற்கு ஒரு கழகம், பிடித்தவற்றின் நிறையைப் பதிவதற்கு ஏடுகள் என்று எல்லாம் முறையாக நடந்தன. ஓய்வு நாளில் தூண்டிலுடன் கரையில் நிற்க விரும்பிய துரைமாருக்கு இங்கிலாந்து தேசத்து ஓடை ஒன்று வேண்டியிருந்தது. அதனை அவர்கள் இங்கே அமைத்துக்கொண்டார்கள்.

அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், எவரும் கொண்டுவராமல், கடலிலிருந்து தானே ஏறிவரும் சிறு மீன்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு விஞ்ஞான நூல்களில் ஒரு பெயர் கிடைப்பதற்கு 1972ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்பே, அம்மீன்களின் பெருவழியாகிய களனி கங்கையின் தலையாறுகள் இரண்டும் அணைகளால் அடைபட்டுவிட்டன. பெயர் வந்த கதையையும் வழி அடைபட்ட கதையையும் சேர்த்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உளுவை என்ற மீனை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். குளத்திலும் கழிமுகத்திலும் மணலோடு மணலாய்க் கிடக்கும் மீன் அது. அதற்கு உலகெங்கும் உறவினர் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒரு சிறு கிளையினர் வெப்பமண்டலத் தீவுகளின் மலையோடைகளையே தமக்கு வீடாகக் கொண்டவர்கள். இப்பேச்சில் அவர்களை ஓடை உளுவை என்றே அழைப்போம். நம் விரல் நீளங்கூட இல்லாத மீன்கள் அவை. பாறையின் நிறத்திலே கிடக்கும். சினைக்காலத்தில் ஆண்மீன் மட்டும் சிவப்பும் நீலமுமாக ஒளிரும். நிழலுள்ள இடத்தில், தெளிந்து விரைந்து ஓடும் நீரில், கற்களின்மேல் ஒட்டிக்கொண்டு வாழும். அவ்விதம் ஒட்டிக்கொள்வதற்கென்றே இயற்கை அவற்றுக்கு ஒரு கருவியை அளித்திருக்கிறது. மற்ற மீன்களுக்கு வயிற்றின்கீழ் இரண்டு துடுப்புகள் தனித்தனியே இருக்கும். இவற்றுக்கோ அவ்விரண்டும் ஒன்றாய் இணைந்து, ஒரு சிறு கிண்ணம்போல் குழிந்து, பாறையைக் கவ்விப் பிடிக்கும். பெருவெள்ளம் மேலே புரண்டோடும்போதும் மீன் இருந்த இடத்தில் இருக்கும்.

இவற்றின் வாழ்க்கை வரலாறு விசித்திரமானது. தாய்மீன் கல்லின் அடிப்புறத்தில் மிக நுண்ணிய முட்டைகளைப் பல்லாயிரக்கணக்கில் இடுகிறது. ஆண்மீன் காவல் இருக்கும். பொரித்து வெளிவரும் குஞ்சு ஒரு கடுகினும் சிறியது. கண்ணாடிபோல் ஊடு தெரிவது. அதற்கு நீந்தத் தெரியாது. ஓடையின் போக்கிலே அடித்துச் செல்லப்படும். தன்னோடு கொண்டுவந்த முட்டைக்கரு தீர்வதற்குள் அது உப்பு நீரை அடைய வேண்டும். அதற்குள்ள தவணை சில நாள்களே. அடையாவிடில் பட்டினியால் இறந்துபோகும். கடலை அடைந்த குஞ்சு அங்கே மாதக்கணக்கில் மிதந்து திரிந்து வளர்கிறது. இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் பரந்து வாழும் ஓர் இனத்தின் காதெலும்பில் உள்ள வளையங்களை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர், அதன் கடல்வாசம் நான்கு முதல் எட்டு மாதங்கள் வரை நீடிப்பதாகக் கண்டனர். மரத்தின் வயதை வளையத்தால் அறிவதுபோலவே இம்மீனின் வயதையும் நாட்கணக்காக அறியலாம்.

பின்னர் ஒரு நாள், ஆற்று நீரின் நன்னீர் வாடையைப் பிடித்துக்கொண்டு, அக்குஞ்சு கூட்டங்கூட்டமாகக் கழிமுகத்துக்குத் திரும்புகிறது. பிறந்த ஆற்றுக்கே திரும்ப வேண்டுமென்ற நியதி இல்லை. எதிர்ப்பட்ட ஆறு போதும். அங்கிருந்து தொடங்குகிறது மலையேற்றம். ஓட்டமுள்ள இடத்தில் கரையோரமாக நீந்தும். நீர்வீழ்ச்சி குறுக்கிட்டால், பாறையின் ஈரமான ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். சில இனங்கள் வயிற்றுக் கிண்ணத்தையும் வாயையும் மாறி மாறி ஒட்டவைத்து, அட்டை ஊர்வதுபோல அங்குலம் அங்குலமாக ஏறும். வேறு சில இனங்கள் உடலை ஒரே வீச்சாக வீசி ஒரு தாவல் தாவிப் பின் ஒட்டிக்கொண்டு இளைப்பாறும். ஹவாய்த் தீவில் ஏறக்குறைய 440 அடி உயரமுள்ள அகாக்கா நீர்வீழ்ச்சியின் தலைமேட்டிலும் இக்கிளையைச் சேர்ந்த ஒரு மீன் வாழ்கிறது. நம் லக்சபான நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 413 அடி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, இம்மீனுக்கு அருவி ஒரு சுவரன்று; நனைந்த பாறை இருக்கும்வரை அது ஒரு படிக்கட்டே. காய்ந்த பாறைதான் சுவர்.

இலங்கையில் இந்த ஓடை உளுவைகள் முதன்மையாகத் தென்மேற்கு ஈரவலயத்து நீரோடைகளில் வாழ்கின்றன. நுவரெலியாவின் குளிர்ந்த உச்சிகளுக்கு அவை குடியேறியதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் சுதேச மீன் என்று சொல்வதற்கு எதுவுமே இருந்ததில்லை. இறாலும் நண்டுமே அவ்வுயரத்து ஓடைகளின் பூர்வ குடிகள். துரைமார் டிரவுட்டை விட்டபோது அதற்குப் போட்டியாக மேலே வேறு மீன் இல்லாதிருந்ததற்கு இதுவே காரணம். ஓடை உளுவையைத் தேடுவோர் ஹற்றன் வீதியில் இறங்கி, கினிகத்தேனைக் கணவாயைக் கடந்து, கித்துல்கலைப் பக்கம் வரவேண்டும். தேயிலை முடிந்து றப்பரும் காடும் தொடங்கும் அந்த அடிவாரத்தில், களனி கங்கைக்கு இருபுறமும் இருந்து வந்து சேரும் சிற்றோடைகள் இவற்றுக்கு உகந்தவை. டேவிட் லீன் என்ற இயக்குநர் 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காக மரப்பாலம் கட்டித் தகர்த்ததும் இதே ஆற்றின்மேல்தான். 1957இல் வெளிவந்த அப்படத்தின் ஆற்றைப் பார்த்தவர்கள் உலகில் பல கோடி. அந்த ஆற்றின் கற்களைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலரைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். சென்னை இராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர், 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் பர்மாவையும் இலங்கையையும் சேர்த்துக்கொண்டார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கையிலும் வாழும் சாம்பல் நிற ஓடை உளுவை ஒன்றுக்கு அவர் 1877இல் பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் இத்துறை உறங்கிற்று என்றே சொல்லலாம். இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த டாக்டர் பி. ஈ. பி. தெரணியகல 1952இல் மீன்களைப் பற்றிய வண்ணப்பட நூலொன்றை வெளியிட்டார். 1955இல் அவுஸ்திரேலியரான இயன் மன்ரோ, இத்தீவின் கடல் மீன்களையும் நன்னீர் மீன்களையும் ஒருங்கே தொகுத்து ஒரு நூல் செய்தார். இரண்டும் அருமையான உழைப்பு. ஆயினும் அருங்காட்சியகப் புட்டியில் வெளிறிப்போன மீனைப் பார்த்து அதன் உயிரோட்டமுள்ள நிறத்தை அறிவது எவருக்கும் இயலாது.

நீருக்குள்ளே தலையை அமிழ்த்திப் பார்த்தவர் றொட்னி ஜொங்க்லாஸ். தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் கடமையாற்றியவர். பின்னர் ஆர்தர் சி. கிளார்க்குடனும் மைக் வில்சனுடனும் இலங்கையின் கடலடியை ஆராய்ந்தவர். கடலோடி என்றே அவரைப் பலர் நினைவுகூர்வர். ஆனால் அவருடைய நாட்டம் முழங்கால் அளவு நீருள்ள மலையோடைகளிலும் இருந்தது. உதடும் உடலின் பின்பாதியும் சிவந்த ஆண்மீனைக் கொண்ட ஓர் உளுவைக்கு, அமெரிக்கரான ஹேர்பேர்ட் அக்செல்றொட் 1972இல் அவர் பெயரையே சூட்டினார். இன்று அது சிசியோபஸ் ஜொங்க்லாசி எனப்படுகிறது. உதட்டுச்சாயம் பூசிய உளுவை என்பது மீன்தொட்டி வைத்திருப்போர் அதற்கு இட்ட செல்லப் பெயர். உலகில் வேறெங்கும் இல்லாத, இத்தீவுக்கே உரிய மீன் அது.

அதன்பின் பெயர்கள் விரைந்து வந்தன. 1989இல் மோரிஸ் கொட்டலாட்டும் றொஹான் பெத்தியாகொடவும் கழுத்துச் சிவந்த மற்றோர் உளுவைக்குத் தெரணியகலவின் பெயரை இட்டனர். 1991இல் பெத்தியாகொடவின் நன்னீர் மீன்கள் பற்றிய நூல் வெளிவந்தது. இன்றும் மாணவர்கள் முதலில் எடுத்துப் புரட்டுவது அதனைத்தான். 1998இல் களுத்துறை மாவட்டத்தின் அத்வெல்தொட்ட ஓடையிலிருந்து ஸ்டிபோடன் மார்ட்டன்ஸ்டைனி என்ற மீன் அறிவிக்கப்பட்டது. கடலோடியும் இயற்கை ஆர்வலருமான செட்ரிக் மார்ட்டன்ஸ்டைன் நினைவாக ரொனால்ட் வொட்சன் என்பவர் இட்ட பெயர் அது. பெயரிடப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே அது முற்றாக அழியும் தறுவாயில் உள்ள உயிர்களின் வரிசையிலும் ஏறிவிட்டது. பெயர்சூட்டு விழாவும் நோய்ப் பத்திரமும் ஒரே தலைமுறைக்குள் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

இனி, ஓடைகளின் பக்கம் திரும்புவோம்.

1820களில் தொடங்கிக் கோப்பிக்காக மலைக்காடுகள் விற்கப்பட்டன. வெட்டியும் எரித்தும் நிலம் திறக்கப்பட்டது. அந்த வேலைக்காகத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியாகக் கால்நடையாய் மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே காய்ச்சலும் பேதியும் வாரிக்கொண்டு போனவர்களின் தொகையை எவரும் சரியாக எண்ணவில்லை. கடலோரத்தில் இறங்கி மலையேறிய அந்தப் பயணத்துக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கும் மீனின் பயணத்துக்கும் ஓர் ஒப்புமை மனத்தில் தோன்றத்தான் செய்கிறது. ஒப்புமையை நீட்டிச் செல்வது மனிதருக்கு நியாயமாகாது. மீன் தன் இச்சையால் ஏறியது.

காடு போனபின் மழைநீர் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடையில் இறங்கிற்று. மலையின் வளம் ஆற்றோடு போவதை அரசாங்கம் உணராமல் இல்லை. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை இனி விற்பதில்லை என்று 1873இல் தீர்மானமாயிற்று. சிவனொளிபாத மலையின் உச்சிக்காடும் நுவரெலியாவைச் சூழ்ந்த காடும் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஓடை உளுவையின் வீடு 5,000 அடிக்குக் கீழே. அங்கே அந்தத் தீர்மானம் எட்டவில்லை. மண்ணரிப்பைப் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட குழு 1931இல் அறிக்கை தந்தது. தோட்டங்களில் கான் வெட்டுவதும் கல்லணை கட்டுவதும் மலைச்சரிவின் குறுக்கே வரிசை பிடித்து நடுவதும் இம்மண்ணைக் காக்கவே. கான் வெட்டியவர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். கல்லின்மேல் மண்படிந்தால் கல்லை நம்பி வாழும் மீனுக்குப் பாசியும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. எனினும் மண் அதன் வாழ்வைக் குறுக்கியதே தவிர, வழியை முற்றாக அடைக்கவில்லை. பாறைகள் அப்போதும் ஈரமாகவே இருந்தன.

வழியை அடைத்தது மின்சாரம்.

இந்தச் செய்தியைச் சொல்லும்போது டி. ஜே. விமலசுரேந்திரவைக் குறைத்துப் பேசுவதற்கு என் நா எழாது. 1874இல் பிறந்து 1953இல் மறைந்த அப்பொறியியலாளர், மஸ்கெலியாப் பகுதியின் அருவிகளைக் கண்டு, விழும் நீரின் ஆற்றலைக் கணக்கிட்டவர். இத்தீவுக்கு வேண்டிய மின்சக்தியை நீரிலிருந்தே பெறலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஆய்வுரை படித்தார். நிலக்கரியை விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது துணிவான பேச்சு. வேலை 1924இல் தொடங்கிப் பணமுடையால் இடையில் நின்றது. கால் நூற்றாண்டு கழிந்து 1950இல்தான், கெஹெல்கமு ஓயாவின் நீரை நோர்ட்டன் பிரிட்ஜ் அணையில் மறித்துக் கீழே லக்சபானவில் விழச்செய்து, முதல் பெரு மின்நிலையம் இயங்கலாயிற்று. அதற்கு மேலே காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் நிறைந்தது. அயலாறாகிய மஸ்கெலி ஓயாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் அமைந்தது. பொல்பிட்டிய மின்நிலையம் 1969, புதிய லக்சபான 1974, கென்யன் 1983. ஒரே நீர் மலையின் உட்குடைந்த சுரங்கங்கள் வழியாக இறங்கி இறங்கி மீண்டும் மீண்டும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. பொறியியல் என்ற முறையில் வியக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் சுரங்கத்தினுள் ஓடும் நீர் ஆற்றுப்படுகையில் ஓடுவதில்லை. சிவனொளிபாத யாத்திரிகர் சீத கங்குலையில் முழுகி எழும் நீர், பின்னர் பெரும்பாலும் வெயிலைக் காணாமலே மலையை விட்டிறங்குகிறது.

மவுசாக்கலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் உள்ளே போயின. மக்கள் மேட்டில் புதிய நகருக்கு இடம்பெயர்ந்தனர். கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது அக்கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். பார்க்கவென்று ஊர் திரளும். முதியவர்கள் இது இன்னார் கடை, அது இன்னார் வீடு என்று கைநீட்டிக் காட்டுவார்கள். இங்கே இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் பிறந்த அதே மலைகளில், லயங்கள் பல பத்தாண்டுகள் குப்பிவிளக்கு வெளிச்சத்திலேயே கிடந்தன. மேலே செல்லும் கம்பி கொழும்புக்குப் போயிற்று. கீழே பீலிக்கரையில் பெண்கள் இருட்டில் வரிசையாய் நின்று தண்ணீர் பிடித்தார்கள்.

அணை எவ்வாறு மீனைத் தடுக்கிறது என்பதை விளக்க அதிகம் சொல்லவேண்டியதில்லை. மேலே ஏறிவரும் குஞ்சுக்கு வேண்டியது ஈரம். வான் பாயும் அணையாக இருந்தால், பாயும் நீரின் ஓரத்தைப் பற்றி அது ஏறிவிடவுங்கூடும். வான் பாயாமல், ஒரு துளியையும் விடாது சுரங்கத்துக்குத் திருப்பும் உயர்ந்த அணையில் அதற்குப் பற்றுக்கோடு இல்லை. கீழே காய்ந்து கிடக்கும் பாறைப்படுகையிலேயே அதன் பயணம் முடிந்துபோகும். தப்பி மேலே வாழும் மீன்களுக்கோ வேறோர் இடர் காத்திருக்கிறது. அவற்றின் குஞ்சுகள் ஓடையிலிருந்து நீர்த்தேக்கத்துக்குள் வந்து விழும். அங்கே ஓட்டம் இல்லை. சில நாள் தவணை அந்த அசையா நீரிலே கழிந்துவிடும். கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் ஆராய்ந்தவர்கள், வான் பாயாத உயர்ந்த அணைகளுக்கு மேலே கடலோடு தொடர்புள்ள மீன்களும் இறால்களும் அறவே அற்றுப்போனதையும், வான் பாயும் அணைகளுக்கு மேலே அவை எஞ்சியிருந்ததையும் கண்டு 1990களில் எழுதினர். காரணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

1972இல் ஜொங்க்லாசின் மீனுக்குப் பெயரிடப்பட்டபோது நோர்ட்டன் அணைக்கு வயது இருபத்திரண்டு, காசல்ரீக்கு ஏழு, மவுசாக்கலைக்கு மூன்று. அணைகளுக்குக் கீழே, கித்துல்கலையைச் சுற்றிய ஓடைகளில் இம்மீன் எஞ்சியது. கடலுக்குச் செல்லும் பாதை அங்கிருந்து திறந்தே இருந்தது. இப்போது அந்த இடத்துக்கும் சோதனை வந்துள்ளது. கித்துல்கலைக்குச் சற்று மேலே பிராட்லண்ட்ஸ் என்ற திட்டம் அண்மை ஆண்டுகளில் நிறைவேறியது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து சிறு மின்நிலையங்களும் ஓடைதோறும் எழலாயின. பழைய தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கென்று சிறு நீர்ச்சக்கரங்கள் இருந்ததுண்டு; தேசிய மின்கம்பி வந்தபின் அவை துருப்பிடித்துக் கிடந்தன. புதிய நிலையங்கள் அந்த எண்ணத்தின் மறுபிறப்பு எனலாம். ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் தீங்கு சிறிது. மதகில் நீரைக் குழாய்க்குள் வாங்கி, சில நூறு யார் கீழே மீண்டும் ஓடைக்கு விடுகிறது. அந்தச் சில நூறு யார் தூரத்தில்தான் வழக்கமாக அருவி இருக்கும். அருவி இல்லாத இடத்தில் மின்நிலையம் கட்டுவாரில்லை. படிக்கட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே படி உலர்ந்துபோகிறது.

அருவியைப் பற்றி நாட்டில் விவாதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மகாவலியின் கிளையாகிய கொத்மலை ஓயாவில், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது, சென். கிளயார் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டு இழுபறிக்குப்பின் 2012இல் திட்டம் நிறைவேறியது. பகல் வேளையில் அருவிக்கு நீர் விடுவது என்பது அப்போது ஏற்பட்ட உடன்பாடு. ஹற்றன் வீதியில் போவோர் நின்று பார்க்கலாம். இரவில் பார்ப்பாரில்லை, ஆகவே இரவில் நீருமில்லை. உடன்பாடு செய்தவர்களைக் குறைகூற இதனை நான் சொல்லவில்லை. இல்லாததற்கு இருப்பது மேல். ஆனால் நீரோடை என்பது கண்ணுக்குக் காட்சி என்ற அளவிலேயே எம்முடைய எண்ணம் நின்றுவிட்டதை அந்த ஏற்பாடு தெளிவாகக் காட்டுகிறது.

வேறு தீவுகளில் என்ன நடந்தது என்று பார்ப்பதும் பயனுடையது. இந்து சமுத்திரத்தின் மறுகோடியில் றியூனியன் தீவு இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக நம் தமிழ் மக்கள் ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்று குடியேறிய தீவு. அவர்கள் வழிவந்தோரை அங்கே மலபார் என்று அழைக்கின்றனர். கடலிலிருந்து திரும்பும் ஓடை உளுவைக் குஞ்சுகளை அத்தீவில் பிஷிக் என்கிறார்கள். கழிமுகத்தில் கூம்பு வடிவக் கூடைகளை வைத்து அவற்றை அள்ளி, தக்காளியும் மஞ்சளும் சேர்த்துக் கறி சமைப்பது அங்கே பெரும் விருந்து, விலையும் அவ்வாறே. கறி என்ற சொல்லும் அந்தச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விருப்பமே வினையாகி, அளவின்றிப் பிடித்ததால் இப்போது கட்டுப்பாடுகள் விதிக்க வேண்டியதாயிற்று. இருப்பினும் ஓடைக்கும் கடலுக்கும் உள்ள உறவை அங்கே சமையற்கட்டில் இருப்பவரும் அறிவர். நம்மவர் ஓடை உளுவையை உண்ணவில்லை. அதனாலேயே அதை அறியவும் இல்லை என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம்.

ஹவாய்க் கதை வேறு விதமானது. அங்கும் தோட்டமே முதலில் வந்தது. மாவுயித் தீவில் 1870களிலிருந்து கரும்புக் கம்பனிகள் கால்வாய் வெட்டி, கிழக்குச் சரிவின் ஓடைகளை மறித்து, மறுபுறத்து வறண்ட சமவெளிக்குக் கொண்டுபோயின. ஓடைகளின் கீழ்ப்பகுதி காய்ந்தது. சேம்பு பயிரிட்டு வாழ்ந்த பூர்வ குடிகளின் வயலும் காய்ந்தது. ஓ'ஓபு என்று அவர்கள் போற்றும் ஓடை உளுவையும் மறைந்தது. அவர்கள் பல்லாண்டு வழக்காடினர். வழக்கிலே வயலோடு மீனும் சான்றாக நின்றது. கடைசிக் கரும்புத் தோட்டம் 2016இல் மூடப்பட்டது. 2018இல் அங்குள்ள நீர்வள ஆணைக்குழு, பல ஓடைகளின் நீரை முழுமையாக ஓடைக்கே திருப்பிவிடுமாறு தீர்ப்பளித்தது. கடலில் குஞ்சுகள் எப்போதும் மிதந்துகொண்டிருப்பதால், நீர் கடலைத் தொட்ட ஓடையை அவை கண்டுபிடித்து ஏறுகின்றன. பிறந்த ஆறுதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்யாத குணம் இங்கே நன்மையாகிறது. வழி திறந்தால் யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை, பொரிப்பகமும் வேண்டியதில்லை.

நம் மலைகளில் அணைகளை இடிப்பது பற்றி எவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. களனித் தலையாறுகளின் மின்சாரம் இந்நாட்டின் பொருளாதாரத்தில் இணைந்துவிட்ட ஒன்று. பேசக்கூடியது அளவைப் பற்றியே. அருவியின் ஓரப் பாறை ஒன்று நனைந்திருப்பதற்கு எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு சுழலிக்கு வேண்டியதோடு ஒப்பிட்டால் அது அற்பம். எந்த மாதங்களில் குஞ்சுகள் ஏறுகின்றன என்பதை மட்டக்குளிக் கழிமுகத்திலும் கித்துல்கலை ஓடைகளிலும் ஆண்டு முழுவதும் இருந்து பார்த்து எழுதினால், அந்த மாதங்களுக்கு மட்டும் நீர் கேட்கலாம். டிரவுட்டின் நிறையைப் பதிந்த மலைநாட்டுக்கு இன்னொரு மீன் ஏடு எழுதுவது பெரிய வேலை அன்று. பிடித்த மீனை எழுதிய இடத்தில் வந்த மீனை எழுத வேண்டும், அவ்வளவே.

ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை கனக்கும்போது, நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான, கென்யன் நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்றும், தாழ்ந்த பிரதேச மக்கள் அவதானமாயிருக்க வேண்டும் என்றும் வானொலிச் செய்தியில் கேட்கிறோம். அப்போது சுரங்கங்கள் கொள்ளாத நீர் பழைய படுகையில் இறங்குகிறது. அபர்தீன் அருவியும் லக்சபான அருவியும் பழைய அகலத்தோடு விழுகின்றன. மலைமுகட்டிலிருந்து மட்டக்குளி வரை ஏறக்குறைய தொண்ணூறு மைல் தூரம் ஆறு ஒரே நீராய் ஓடுகிறது. மழை தணிந்ததும் கதவுகள் இறங்கும். பின்னர் பாறைகள் மேலிருந்து கீழாக உலரத் தொடங்கும்.